உள்ளே ஒருவர்

“கீங்... கீங்... கீங்...”

ஊழியர் வாசலின் சுழல் கதவு அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்கு முன்னால் திருதிருவென விழித்தபடி நின்றவன், ஊழியர்களுக்கு நுழைவு அட்டை போட்டுத் தரும் பாஸ் அறைப் பொறுப்பாளரின் தம்பி. அன்றுதான் அவனுக்கு வேலையில் முதல் நாள்.

“என்னம்மா, உங்க தம்பிய கதவே வாத்தியம் வாசிச்சு வரவேற்குது?” என்று சிரித்தார் பாதுகாப்பு அதிகாரி. தினமும் மாலையில் தலைகளை எண்ணாமல் வீட்டுக்குப் போகமாட்டார். அதனால் அந்தக் கண்காட்சி அரங்கில் அவருக்கு ‘தலைக்கணக்கு’ என்றே பெயர்.

அவள் திரையைப் பார்த்தாள். ‘இந்த நபர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.’

காரணம் அவளுக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு வந்த கூட்டத்துக்கே புது அட்டைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒரு வருடம் வேலையில்லாமல் கிடந்த தம்பிக்கு, பத்துப் பேரிடம் கெஞ்சி வாங்கிய எலெக்ட்ரீஷியன் வேலை. முதல் நாளே அட்டை இல்லையென்று திருப்பி அனுப்புவதா? மேசை இழுப்பறையில் கிடந்த பழைய அட்டை ஒன்றை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த முகத்தை உரித்தாள். தம்பியின் முகத்தை ஒட்டினாள். கணினியிலும் படத்தையும் பெயரையும் மாற்றினாள். புதுப் பச்சைப் பட்டையில் கோத்து, காலையில் தன் கையாலேயே அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

ஆனால் அட்டைக்குள் இருந்த நம்பர் பழையதுதான்.

அது எட்டு மாதத்துக்கு முன் செத்துப்போன எலெக்ட்ரீஷியனின் நம்பர். அடித்தள மின்பலகை அறையில் மின்சாரம் தாக்கி விழுந்தவர். உடனே உயிர் போகவில்லை. கதவைத் திறக்க எழுந்து அட்டையைக் காட்டத் தெம்பில்லாமல், தரையில் கிடந்தபடியே கதவைத் தட்டியிருக்கிறார். விரல் முட்டிகளில் தோலே இல்லை. அட்டையை எங்கும் காட்டாமலே ஸ்ட்ரெச்சரில் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போனார்கள். அட்டை அவளிடம் வந்தது. கணினியில் அந்த நம்பரை அவள் முடக்கியிருக்க வேண்டும். ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த முகத்தை அழிக்கக் கை வரவில்லை. அட்டைக்குப் படம் சரியாக விழும்வரை யாரையும் விடமாட்டாள் என்று, அவளை ‘போட்டோக்கா’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

அதிலிருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் திரையில் ஒரு வரி நிற்கும்.

உள்ளே: 1.

“மெஷின் கோளாறு” என்பார் தலைக்கணக்கு. அவளும் தலையாட்டுவாள்.

“அக்கா, நான் உள்ள போகவா, வேணாமா?” என்றான் தம்பி.

விதிவிலக்குப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு பச்சையானது. அவன் கையசைத்துவிட்டு அடித்தளப் படிகளில் இறங்கினான்.

பதினோரு மணிக்குத் தீ மணி அடித்தது.

மின்பலகை அறைக்குப் பின்னால் கேபிள் புகைகிறது என்றார்கள். எல்லோரும் அட்டையைக் காட்டி வரிசையாக வெளியேறினார்கள். முற்றத்தில், அவள் கையிலிருந்த டேப்லெட்டில் எண்ணிக்கை சரசரவென இறங்கியது. நாற்பது... பன்னிரண்டு... மூன்று...

பூஜ்யம்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக, பூஜ்யம்.

“அப்பாடா!” என்றார் தலைக்கணக்கு. அந்தத் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாது. வாயுவைத் திறந்துவிட்டு, உள்ளேயிருக்கும் காற்றையே விரட்ட வேண்டும். திரையில் பூஜ்யம் வந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். அழுத்திவிட்டால் இருபது நிமிஷத்துக்கு அடித்தளக் கதவுகள் எந்தப் பக்கமிருந்தும் திறக்காது.

“உங்க தம்பி வந்தாச்சாம்மா?”

கடைசியாக வெளியேறிய அட்டை, தம்பியின் முகம். பதினொன்று ஐந்து. நிமிர்ந்தாள். முற்றத்தின் மூலையில், சுவரோரம், முதுகைக் காட்டியபடி அவன் நின்றான். அதே சட்டை.

“வந்துட்டான் சார். அதோ நிக்கிறான்.”

அவர் பொத்தானை அழுத்தினார். தரைக்கடியில் ‘புஸ்ஸ்’ என்று ஏதோ பெருமூச்சு விட்டது.

அவள் தம்பியை நோக்கி நடந்தாள். நெருங்க நெருங்கக் கருகிய வயரின் வாடை.

கழுத்தில் பட்டை.

நீலப் பட்டை.

நீலத்தை நிறுத்தி ஆறு மாதமாகிறது.

தொங்கிய கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. ‘தம்பி’ என்றது.

“அக்கா! மெயினை அமத்திட்டுத்தான் வரணும்னாங்க, அமத்திட்டேன். இப்ப அட்டையக் காட்டினா, ‘ஏற்கெனவே வெளியேறிவிட்டார்’னு சிவப்பாவே எரியுதுக்கா. மேல என்னமோ ஊதுது... மூச்சு... கதவைத் திறக்கச் சொல்லேன்...”

“சார்! நிறுத்துங்க! என் தம்பி உள்ள இருக்கான்!”

தலைக்கணக்கு பதறி ஓடிவந்தார். டேப்லெட்டைப் பார்த்தார். சுவரோரம் நின்றவனைப் பார்த்தார்.

“பூஜ்யம்தானேம்மா காட்டுது? உங்க தம்பிதான் இதோ நிக்கிறாரே!”

“அது அவன் இல்ல சார்! கதவைத் திறங்க!”

“இனிமே என்னாலயும் திறக்க முடியாதும்மா. இருபது நிமிஷம்...”

கைபேசியில் இருமல். பிறகு தட்டும் சத்தம்.

டொக். டொக். டொக்.

அடுத்த டொக் வருவதற்குள் நெடுநேரம் ஆனது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதைத் தவிர அவளால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

சுவரோரம் நின்றவன் மெல்லத் திரும்பினான். தம்பியின் முகம்தான். குனிந்து, அவள் காதருகே மெதுவாகச் சொன்னான்:

“விடுங்க, போட்டோக்கா... எட்டு மாசமா நானும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.”