பிறந்த வீட்டுக் கோடி

"இதுல கையெழுத்துப் போட்டுட்டு எங்க வேணா போ," என்றார் தினகரன். வக்கீல் ஆல்பர்ட் கொடுத்தனுப்பிய வக்காலத்துப் படிவம் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவர் பெண்டாட்டி பாஞ்சாலி, பீரோவிலிருந்து எடுத்த புதுப் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

காவாந்தண்டலத்தில் இன்று சுப்பிரமணிக்குக் கருமாதி. சுப்பிரமணி தினகரனின் தங்கை கல்பனாவின் புருஷன். மஞ்சள்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தவன். தாலி இறக்கியவள் மேல் முதலில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவைதான் விழ வேண்டும். அண்ணனோ, அண்ணன் பெண்டாட்டியோ கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் மற்றவர்கள் போர்த்துவார்கள். அது வராவிட்டால் நாதியத்தவள் என்று பந்தலிலேயே பேசிவிடுவார்கள். ஊர் வாய்க்கு அதற்கெல்லாம் நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது.

"நம்மள கோர்ட்டு வாசல்ல நிக்க வெச்சவளுக்குக் கோடியா?" என்றார் தினகரன். "வக்கீல் இன்னா சொன்னாரு, காதுல வுழுந்துச்சா? பொய்க் கேஸ் போட்டு ஸ்டே வாங்கி நெலத்த முடக்கினவங்க மேல நஷ்டஈடு கேக்கலாமாம். தீர்ப்பு வந்து வருசம் முடியறதுக்குள்ள போட்டாவணும். நெலம் உன் பேர்ல கீது. நீதான் கையெழுத்துப் போடணும்."

நியாயம் அவர் பக்கம்தான். கல்பனாவுக்குக் கல்யாணத்தின்போதே ஏரிக்கரைக் காணியை எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்ச நிலத்தைப் பெருநகர் கிராமத்து வீட்டில் தன்னை வைத்துப் பார்த்த மருமகள் பாஞ்சாலி பேருக்கு மாமனார் உயில் எழுதினார். உத்திரமேரூரில் பதிவும் செய்தார். அது நடந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் செத்தார். ஆனால் சாவு வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டியபோது அவர் கட்டைவிரலில் மையைப் பார்த்துவிட்டாள் கல்பனா. அவ்வளவுதான். அண்ணி பிணத்தின் கையைப் பிடித்து ரேகை வாங்கிவிட்டாள், பதிவே போலி என்று வழக்கு போனது. வழக்கு கல்பனா பேரில், நடத்தியது சுப்பிரமணி.

ஏழு வருஷம் நிலத்தின் மேல் தடை. அடகு வைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மகள் அபிநயாவுக்குக் கிடைத்த நர்சிங் சீட் அதில்தான் போனது.

அபிநயா ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா சொல்றதுல இன்னா தப்பு?" என்றாள். "நீ வேணா அத்தைய மன்னிச்சுக்கோ. என் படிப்பு போனத நீ எப்புடிம்மா மன்னிப்ப?"

பாஞ்சாலி படிவத்தைத் தட்டுக்குப் பக்கத்திலேயே விட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, கூண்டில் நின்ற நாள் ஞாபகம் வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். "செத்தவர் விரல்ல மை எப்படிம்மா வந்துச்சு?"

"தெரியாதுங்க," என்றாள் அன்றைக்கு.

தெரியும். நன்றாகவே தெரியும்.

வாதம் வந்து கை விழுந்த மாமனாரைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தினகரன் டீ வாங்கக் கீழே போயிருந்த நேரம் சுப்பிரமணி வந்தான். "கல்பனாவக் கூட்டினு வாப்பா, ஒரு தபா பாத்துடறேன்," என்று கெஞ்சினார் கிழவர். "அவ வரமாட்டா மாமா. உங்க மேல கோவமா கீறா," என்றான் சுப்பிரமணி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பதையே அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை என்பது பாஞ்சாலிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. "அப்ப நான் வூட்டுக்குப் போறேன். வூட்டுக்கு வந்தா பொண்ணு வந்துரும்," என்று அடம் பிடித்தார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்ற காகிதத்தில் கிழவர் கட்டைவிரலை அழுத்தியபோது பக்கத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். பாஞ்சாலி, சுப்பிரமணி. திரும்பி வந்த தினகரனிடம், டாக்டரே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான் சுப்பிரமணி. அன்றைக்குச் சாயங்காலமே, வாசலைப் பார்த்தபடி, அவர் உயிர் போயிற்று.

இதைக் கூண்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்பனா அந்த மனுஷனோடு ஒரு வேளை சோறு தின்பாளா? இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்? அதனால் விழுங்கினாள். பிணத்துக்கிட்ட ரேகை வாங்கினவ என்ற பேரையும் சேர்த்து விழுங்கினாள். வழக்கு ஜெயித்ததென்னவோ நிஜம்தான். பேர் போனது போனதுதான். ஒருநாள் தினகரனே சோற்றைப் பிசைந்தபடி, "நெசமாவே நீ எதுவும் பண்ணலியே?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

காவாந்தண்டலத்துப் பந்தலில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. சுப்பிரமணியின் அக்கா ஆண்டாளம்மாள் எழுந்து வந்து வழி மறித்தாள்.

"ஜெயிச்ச தெம்ப காட்ட வந்தியா?"

"கோடி போட வந்தேங்க்கா. போட்டுட்டுப் போயிடறேன்."

"வுடுங்க அண்ணி, அவங்க வரட்டும்," என்று உள்ளே இருந்து கல்பனாவின் குரல் வந்தது.

கூடத்து மூலையில் நெற்றியும் கழுத்தும் வெறுமையாக உட்கார்ந்திருந்தாள் கல்பனா. பாதி ஆளாகிப் போயிருந்தாள். பாஞ்சாலி குனிந்து புடவையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினாள். கல்பனா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அவரு சாவறதுக்கு முன்னால எல்லாம் சொல்லிட்டாரு அண்ணி."

பாஞ்சாலி ஆண்டாளம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நைனா என்னைப் பாக்கறதுக்கோசரம்தான் ரேகை வெச்சாராமே... நான் வருவேன்னு வாசலையே பாத்துக்கினு இருந்தாராமே... உனக்குத் தெரியுமாமே அண்ணி. தெரிஞ்சும் ஏன் தெரியாதுன்ன?"

"நீ வாழணுமேம்மா," என்றாள் பாஞ்சாலி.

கல்பனா புருஷனுக்காக அழுதாளோ, அப்பனுக்காக அழுதாளோ, பாஞ்சாலியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பந்தலே அடங்கிப் போயிற்று. ஆண்டாளம்மாள் ஓசைப்படாமல் ஒதுங்கிக்கொண்டாள்.

கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டுக்காரர்கள் பெண்ணை அழைத்துப் போய்ச் சில நாள் வைத்திருப்பது வழக்கம். யாரையும் கேட்காமல் பாஞ்சாலியே ஆட்டோ பேசினாள். பிள்ளைகளை ஆண்டாளம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பெருநகரில் வாசலில் வந்து இறங்கிய தங்கையைத் தினகரன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கல்பனா படியேறாமல் நின்றாள்.

"அண்ணா, என் மேல கேஸ் போடு. நான் கோர்ட்டுல வந்து ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கோ."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, சுப்பிரமணி, அந்தக் காகிதம், அந்த மை. கேட்கக் கேட்கத் தினகரன் முகம் கறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாஞ்சாலி. நானே உன்னை சந்தேகப்பட்டுக் கேட்டனே..."

"உங்ககிட்ட சொன்னா நீங்க வக்கீல்கிட்ட சொல்லியிருப்பீங்க."

தினகரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு தங்கையின் தோளைத் தொட்டு, "உள்ள வாம்மா. கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் கூடத்தில் அபிநயா நின்றுகொண்டிருந்தாள். தூக்கம் கலைந்த கண்ணோடு எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அத்தையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நீ மொதல் வாய்தாவுலயே சொல்லியிருந்தா கேஸ் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஸ்டே போயிருக்கும். நான் படிச்சிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அத்தை குடும்பம் நடத்தறதுக்கு என் படிப்ப எடுத்துக் குடுத்திருக்க. என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

தியாகம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதி தன்னுடையதே இல்லை என்பது பாஞ்சாலிக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"கேக்கல," என்றாள். "கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல. தப்புதான்டி கண்ணு."

கூண்டிலே அழாதவள், ஊர் ஏசியபோது அழாதவள், மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தினகரன் தூக்கப் போனார். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

கல்பனாதான் நகர்ந்து வந்து அபிநயாவின் எதிரில் நின்றாள்.

"ஏரிக்கரைக் காணி என் பேர்லதான் கீது. அதை வித்து உன்னைப் படிக்க வெக்கறேன். மன்னிக்கணும்னு கேக்கல. படிச்சா போதும்."

அபிநயா அத்தையின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். தரையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும் கொண்டுவந்து அத்தைக்கு முன்னால் வைத்தாள்.

"காலையிலர்ந்து எதுவும் துன்னிருக்க மாட்ட. மொதல்ல சாப்புடு," என்றாள். "அட்மிஷனுக்கு நீதான் என்கூட வரணும் அத்தை. அம்மாவ இட்டாந்தா, வழியில எவளாவது அழுதாள்னு என் சீட்டையும் குடுத்துட்டு வந்துருவாங்க."

தினகரனுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. பாஞ்சாலி முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அபிநயா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கோபம் தீராத கையால், அம்மாவின் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.