ஷட்டர் மூடும்வரை

இந்தக் காலத்து ஆட்கள் பழுதான பொருளைக் கொண்டுவந்தால் உண்மையைச் சொல்வதே இல்லை. கேமராவைத் தண்ணீரில் போட்டிருப்பான். திறந்தால் உள்ளே பாசி இருக்கும். கேட்டால் "அலமாரியிலதாங்க இருந்துச்சு" என்பான். கீழே போட்டவன் "தானா நின்னுபோச்சு" என்பான். நாற்பது வருடமாகக் கேமராவைப் பிரித்துப் பூட்டுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் திருகாணியைப் பார்த்தே ஆள் புளுகுகிறானா என்று சொல்லிவிடுவேன். அதனால் யார் பேச்சையும் நான் சட்டென்று நம்புவதில்லை. பேய், ஆவி என்பவர்கள் பேச்சை அறவே நம்புவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

அந்த ஆளை எல்லோரும் நட்சத்திரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இரவு வானத்தைப் படம் எடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் போவார். ஒரு நாள் கடைக்கு வந்து கேமராவை மேசைமேல் வைத்தார். 

"ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது பெரியவரே. ஷட்டரும் தொறந்தா மூட மாட்டேங்குது."

இருட்டில் படம் எடுப்பவர்களின் வழக்கமான புலம்பல்தான் இரண்டும். ஃபோகஸைக் கேமராவின் பொறுப்பில் விட்டால், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அதை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை கையால் லென்ஸ் வளையத்தைத் திருப்பி, மேலே டேப் ஒட்டிவிட வேண்டும். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, மூடவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது மூடித்தான் இருக்கும். நாலு நிமிடம் எடுத்த படத்தைச் சுத்தம் செய்ய கேமராவுக்கு இன்னும் நாலு நிமிடம் வேண்டும். அதற்குள் இவர்கள் அதைத் தட்டி, உலுக்கி, ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"எனக்கே பாடமா?" என்றார் அவர். "டேப் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. உள்ள வளையம் திரும்புது. ஒவ்வொரு தடவையும் கிட்ட வருது."

"எது கிட்ட வருது?"

கொஞ்சம் தாமதித்து, "ஃபோகஸ்" என்றார்.

படங்களைக் காட்டினார். வானத்து நட்சத்திரங்கள் எல்லாம் கலங்கி வட்டம் வட்டமாகக் கிடந்தன. முதல் படத்தில் ஐம்பது அடி தள்ளி ஒரு பாறை மட்டும் கூர்மையாக இருந்தது. அடுத்ததில் முப்பது அடி தூரத்துப் புதர். அதற்கடுத்ததில் பதினைந்து அடியில் வெறும் சரளைக்கல். எதன்மேலோ ஃபோகஸ் பிடித்து, அதன் பின்னாலேயே வந்ததுபோல் இருந்தது. ஆனால் அங்கே எதுவும் இல்லை.

கேமராவை வாங்கிப் பிரித்தேன். ஒரு பிசகும் இல்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துச் சோதித்தேன். நூறு முறை ஷட்டர் திறந்தது. நூறு முறையும் மூடியது.

மூன்றாம் நாள் நட்சத்திரத்தின் மனைவி தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் கேமராவுல என் தம்பி படம் ஏதாவது இருக்காங்கய்யா?"

"இல்லம்மா. ஏன்?"

ஏழு மாதத்துக்கு முன் அந்தத் தம்பி, உதவிக்கென்று நட்சத்திரத்தோடு ஒரு பழைய கல் குவாரிக்குப் போயிருக்கிறான். இரவில் குழியில் விழுந்து இறந்துபோனான். தான் வண்டியில் தூங்கிவிட்டதாகவும், பையன் தன் பாட்டுக்கு எழுந்து போனதாகவும் நட்சத்திரம் சொல்லியிருக்கிறார்.

"என் தம்பிக்கு இருட்டுன்னா உயிரே போயிடும். வீட்டுக்குள்ளயே லைட்டப் போடாம நடக்க மாட்டான். அன்னைக்கு அவன் கையில டார்ச் இருந்துச்சு. என்கிட்டதான் கொடுத்தாங்க. இன்னிக்கும் நல்லா எரியுது. அப்புறம் ஏன் அவன் போடல? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"பதற்றத்துல கை போயிருக்காதும்மா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார்.

அப்போது நட்சத்திரமே உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்ததும் முகம் மாறியது. கேமராவில் கோளாறு இல்லை என்றேன்.

"இங்க வராது. குவாரியிலதான் வரும்."

"அப்ப வேற இடம் பாருங்க."

"அவ்வளவு இருட்டு வேற எங்கயும் இல்ல. அடுத்த வாரம் பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன். அவங்க முன்னாடி இது நடந்தா என் மானம் போயிடும்."

"கண்ணால பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப வாங்க."

"நானும் வரேன்" என்றார் அந்த அம்மா.

"நீ எதுக்கு?"

"என் தம்பி விழுந்த இடத்தை நான் பாக்கக் கூடாதா?"

மூன்றாம் ஆள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை.

நிலவில்லாத இரவு. வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஏறினோம். மேலே கொஞ்சம் சமதளம். ஒரு பக்கம் நாங்கள் வந்த பாதை. எதிர்ப்பக்கம் வெட்டி எடுத்த குழி, எண்பது அடி ஆழம் இருக்கும். ஈரக்கல் வாடையும் துருவின் வாடையும் கீழிருந்து வந்தன. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

இவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷட்டர் திறந்திருக்கும்போது யாரும் வெளிச்சம் காட்டக் கூடாது. ஒரு தீக்குச்சி போதும், படம் பாழ். அதனால் எல்லோருடைய டார்ச்சையும் செல்போனையும் ஒரு பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அன்று பையை மனைவியிடம் கொடுத்தார்.

"நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

ஃபோகஸை நானே வைத்தேன். வானத்து நட்சத்திரம் திரையில் ஊசிமுனை ஆனது. வளையத்தின்மேல் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவர் ஷட்டர் நேரத்தை நாலு நிமிடமாக வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஷட்டர் திறந்தது.

மனதுக்குள் இருநூற்று நாற்பதுவரை எண்ணினேன். மூடவில்லை. முந்நூறு. மூடவில்லை.

"பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தார்.

தடவிப் பார்த்து பேட்டரியை உருவினேன். அந்த மாடலில் ஷட்டரைத் திறந்தபடி பிடித்திருப்பது மின்சாரம்தான். பேட்டரி போனால் அது விழுந்தாக வேண்டும்.

விழவில்லை.

வளையத்தின்மேல் விரலை வைத்தேன். டேப் அசையவில்லை. அதற்கு அடியில் வளையம் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆள் நடக்கும் வேகத்தில்.

பாதைப் பக்கம் சரளை நெரிந்தது.

நரி என்று நினைத்தேன்.

இன்னொரு அடி. நின்றது.

"மாமா, வழி தெரியல. லைட்டப் போடட்டுமா?"

இளவயதுக் குரல். குளிரில் பல் கிட்டியதுபோன்ற பேச்சு. யோசிக்க நேரமே இல்லாமல், நூறு தடவை சொல்லிப் பழகிய எரிச்சலோடு நட்சத்திரம் பதில் சொன்னார்.

"போடாதடா. ஷட்டர் தொறந்திருக்கு."



"என்னங்க" என்றார் அந்த அம்மா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்களா?"

"நாலே நிமிஷம்… அசையாம நில்லுடான்னுதான் சொன்னேன்."

"எத்தனை தடவ கேட்டான்?"

"ரெண்டு தடவ."

சரளை மறுபடி நெரிந்தது. இந்த முறை கிட்டே. என் விரலுக்கடியில் வளையம் கடைசிவரை வந்து முட்டி நின்றது. அதற்குமேல் கிட்டே வர இடமில்லை.

"பெரியவரே, அவன நிறுத்துங்க" என்றார் நட்சத்திரம். அவர் கால்கள் பின்னால் போவது கேட்டது. ஒரு கல் உருண்டு குழிக்குள் போனது. அது கீழே விழுந்த சத்தம் வர நேரம் ஆனது.

"பின்னால போகாதய்யா. அந்தப் பக்கம் குழி."

"எந்தப் பக்கம்? ஒண்ணுமே தெரியல. லைட்டப் போடும்மா."

பை திறக்கும் சத்தம் வரவில்லை.

"லைட்டப் போடும்மா, உன் கால்ல விழறேன்."

"ஷட்டர் இன்னும் மூடலையே" என்றார் அந்த அம்மா.

குரல் வந்த பக்கம் பாய்ந்து பையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கைப்பிள்ளையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்திருந்தார். எனக்கு அறுபத்தெட்டு வயது; என் பலம் அவ்வளவுதான்.

நட்சத்திரம் அலறவில்லை. சரளை சரிந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே, மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

ஷட்டர் மூடியது.

பேட்டரி என் இடது கைக்குள் இருந்தது.

அந்த அம்மா தானாகவே பையை என்னிடம் நீட்டினார். டார்ச்சை எடுத்துப் பாதையில் அடித்தேன். ஒருவரும் இல்லை. குழிக்குள் அடித்தேன். அவர் மல்லாந்து கிடந்தார், கண் திறந்தபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு. அசைவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. கீழே வண்டிக்குப் போனால்தான் யாரையாவது கூப்பிட முடியும்.

"வாம்மா, போகலாம்."

"நீங்க போங்கய்யா. நான் தனியா இல்ல."

துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டு இறங்கினேன். ஷட்டர் தகட்டில் தூசி ஒட்டியிருந்தால், குளிரில் தாமதமாக விழும், நானே பார்த்திருக்கிறேன். டேப்பில் பனி இறங்கினால் வளையம் வழுக்கும். குரல் கொடுத்தவன் எவனாவது வேலை வெட்டி இல்லாதவனாக இருப்பான். வெளிச்சத்தைக் கண்டதும் ஓடியிருப்பான். எனக்குக் கணக்கு சரியாகத்தான் வந்தது.

இருபது அடி இறங்கியிருப்பேன். மேலே அந்த அம்மா யாரையோ செல்லமாகக் கடிந்துகொண்டிருந்தார்.

"செருப்பு எங்கடா? காலெல்லாம் பாரு… மெதுவா ஏறு, ஒண்ணும் அவசரம் இல்ல."

பேச்சை நிறுத்தினார். பிறகு, எனக்கு நன்றாகக் கேட்கும்படி:

"அவரையும் கூட்டிட்டே வந்துட்டியா?"

குழிக்குள்ளிருந்து சரளை நெரியும் சத்தம் மேலேறி வந்தது. ஒன்று சீரான நடை. இன்னொன்று இழுத்து இழுத்து வைக்கும் நடை.

ஆழமான குழியில் கல் சரிந்தால் எதிரொலி அப்படித்தான் இரண்டாகக் கேட்கும். குவாரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திரும்பிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, கல்லும் இருட்டும்தான். நான் பாதையைப் பார்த்து நடந்தேன்.