கொசுறு

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றை மட்டும் முகம் தரையில் படும்படி கவிழ்த்து வைத்திருந்தாள் கடைக்காரி பெத்ரோனா. போதாதென்று அதன்மேல் ஒரு செங்கல்லையும் ஏற்றியிருந்தாள்.

பொலிவியாவின் மலைநகரமான எல் ஆல்ட்டோவின் வியாழச் சந்தையில் காற்று தார்ப்பாய்களை அறைந்துகொண்டிருந்தது. கடை கடையாக அலைந்ததில் வில்மா திக்கோனாவுக்குக் கால் கடுத்தது. வக்கீல் ஆபீஸ் ஒன்றுக்காக, ஒலிப்பதிவான வாக்குமூலங்களைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள் அவள். சின்ன வயதில் வந்த அம்மை இடது காதை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஹெட்போன் மாட்டினால் மிச்சமிருந்த வலது காதும் வலித்தது. கம்ப்யூட்டருக்கு மலிவாக, பேச்சு தெளிவாகக் கேட்கிற ஸ்பீக்கர் வேண்டும். வண்ண விளக்கு மின்னிய பிளாஸ்டிக் ஜோடி, தகர டப்பாவுக்குள் அடைபட்ட குளவி போல இரைந்தது. தரையில் வைக்கும் பெரிய பெட்டியோடு வந்த செட், அதிர்ந்த அதிர்வில் பேச்சையே விழுங்கியது. பெத்ரோனா கடையின் பழைய மரப்பெட்டியில்தான், பேசுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"ஒத்தையா எடுத்துக்கம்மா. கரண்டு, வால்யூம் எல்லாம் இந்த வலதுபக்கப் பெட்டியிலதான். தனியாவே வேலை செய்யும்."

"கவுத்து வச்சிருக்கியே, அது?"

"அது விக்கிறதுக்கு இல்ல."

விலை படிந்தது. வில்மா நகரவில்லை. கொசுறு வாங்காமல் அந்தச் சந்தையில் எவளும் நகர்வதில்லை. உருளைக்கிழங்கானால் மேலே ரெண்டு, ஆணியானால் ஒரு பிடி. கொசுறு தராத வியாபாரம் பகையில் முடிந்த வியாபாரம்.

"கொசுறு குடு தாயி."

"ஒயர் தரேன்."

"ஒயரை வச்சுத் துணியா காயப்போட? அந்த ஜோடியைக் குடு."

"வலது காதையே சாய்ச்சுச் சாய்ச்சுக் கேட்டியே. உனக்குத்தான் ஒரு பக்கம் கேக்காதே, அது எதுக்கு?"

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். "குடுத்துத் தொலையேன் பெத்ரோனா. என்னமோ புருசன் கல்லறை மாதிரி கல்லு வச்சுக் காக்குற."

பெத்ரோனாவின் முகம் கறுத்தது. செங்கல்லை எடுத்தாள். பெட்டியைத் தொடவில்லை. "கேட்டு வாங்குறது உன் வாயி. நீயே எடுத்துக்க. நான் குடுத்தேன்னு எங்கேயும் சொல்லாத."

மறுநாள் மாலை, கூரைத் தகரம் குளிரில் சுருங்கி டிக் டிக்கென்று சொடுக்கும் நேரத்தில், ஈரமண்ணும் பழந்துணியும் கலந்த ஒரு வாடை மேஜையிலிருந்து மெல்ல எழுந்து அறையை நிறைத்தபோது, வில்மா ஏதோ ஒரு நிலத்தகராறின் வாக்குமூலத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஒரு பெட்டி, இடப்பக்கம் கொசுறாக வந்த பெட்டி. இடப்பக்கம் ஐந்து வயது மகள் லிட்சி முழங்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தை மேஜையில் சாய்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுநடுவே தலையாட்டினாள். ஒருமுறை வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வில்மா ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

லிட்சி இன்னும் தலையாட்டினாள்.

"யாருக்குடி தலையாட்டுற?"

"இந்த அம்மாவுக்கு." லிட்சி பெட்டியைக் காட்டினாள். "உங்கம்மா பாதி செத்தவ, அவளுக்கு நான் பேசுறது கேக்காதுங்கிறாங்க."

வில்மா குனிந்தாள். "வேற என்ன சொல்றா?"

"உள்ள நல்ல எடம் இருக்காம். கதகதன்னு இருக்குமாம். வர்றியான்னு கேக்குறாங்க."

வில்மா பெட்டியின் முகத்துணியில் விரலை வைத்தாள். துணிக்கு அடியில் ஸ்பீக்கரின் காகிதச் சவ்வு துடித்தது. விட்டு விட்டு. ஒருவர் பேசுகிற தாளத்தில். ஒயரைப் பிடுங்கினாள். துடிப்பு நிற்கவில்லை. வலது காதைப் பெட்டியருகே கொண்டுபோனாள்.

உடனே நின்றது.

முகத்தைத் திருப்பினாள். விரலுக்கடியில் மறுபடி துடித்தது. இம்முறை வேகமாக. சிரிப்பது போல.

அன்றிரவு பெட்டியைப் போர்வையில் சுற்றி அலமாரியில் பூட்டினாள். லிட்சியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். மினிபஸ் ஓட்டுகிற புருஷன் ரெமிஹியோ போனில், "ஸ்பீக்கருக்குப் பயந்து சாகுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று சீண்டினான். அவள் போனை வைத்துவிட்டாள். காலையில் சந்தைக்குப் போனாள். அன்று சந்தை நாள் இல்லை. பெத்ரோனாவின் இடத்தில் வெறும் புழுதி.

திரும்பும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். அலமாரி திறந்திருந்தது. பெட்டி மேஜையில் இருந்தது. லிட்சியைக் காணவில்லை. பக்கத்து வீட்டு அசுந்தாவிடம் விட்டுப் போயிருந்தாள். அங்கே டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். நல்லதுதான். அவள் வருவதற்குள் இந்தச் சனியனைத் தொலைத்துவிட வேண்டும்.

தூக்கினாள். கனத்தது. சந்தையிலிருந்து ஒரு கையில் கொண்டுவந்த பெட்டி இப்போது இரண்டு கையாலும் தாங்கவில்லை. உள்ளே செங்கல் அடுக்கியதுபோல. இடது இடுப்பில், பிள்ளையை வைப்பதுபோல் இடுக்கிக்கொண்டு, குப்பை சரியும் பள்ளத்தை நோக்கி நடந்தாள். வழியெல்லாம் பெட்டி அவள் விலா எலும்பில் துடித்தது. முட்டியது. இந்தத் துடிப்பு வேறு மாதிரி இருந்தது. பொடிப்பொடியாக, மூச்சு விடாமல், கெஞ்சுகிற மாதிரி. வில்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பள்ளத்தின் விளிம்பில் நின்று வீசினாள். பெட்டி உருண்டது. கீழே குப்பையில் படுத்திருந்த தெருநாய்கள் தலை தூக்கின.

இடுப்பு லேசானது. வீடு திரும்பியவள் மதில்மேல் எட்டிக் கூப்பிட்டாள். "அசுந்தா, லிட்சியை அனுப்பு."

அசுந்தா கையில் சோப்பு நுரையோடு வந்தாள். "நீ போன கையோட உங்க வீட்டுக்கே ஓடிட்டாளே. உங்க வீட்டுலதான் குரல் கேட்டுது. நீதான் வந்துட்டே, அவளோட பேசுறேன்னு நெனச்சேன்."

"என்ன குரல்?"

"பொம்பளக் குரல். அன்பா கூப்புட்டுச்சு."

வில்மா உள்ளே ஓடினாள். கட்டிலுக்கடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. மேஜைக்கடியில் ஒற்றைச் செருப்பு. சின்னது. இன்னும் சூடு ஆறாதது.

மேஜைமேல் வலதுபக்கப் பெட்டி. அதற்கும் கரண்டு இல்லை. ஒயர் சுருண்டு கிடந்தது.

அதில் கரகரவென்று காற்று வீசியது. பள்ளத்துக் காற்று. பிளாஸ்டிக் பைகள் படபடத்தன. ஒரு கல் உருண்டு நின்றது.

வில்மா நல்ல காதைத் துணியில் அழுத்தினாள்.

"அம்மா."

மூச்சிரைக்கும் குரல். அவள் பெற்ற குரல்.

"எவ்ளோ கூப்புட்டேன். ஏம்மா திரும்பவே இல்ல?"

"லிட்சி. எங்க இருக்க? சொல்லும்மா. அம்மா வரேன்."

"தெரியல. இருட்டா இருக்கு. அம்மா, இங்க..."

குரல் தாழ்ந்தது.

முகரும் மூச்சு. ஒன்று. பிறகு பல. மிகப் பக்கத்தில். நகங்கள் துணியைக் கிழித்தன.

மரத்தில் பல் இறங்கியது.