பால் வடிந்த படம்

கணவனை வனத்துறை அலுவலகத்தில் பிடித்து வைத்த மறுநாள் பிளஸ்ஸி புதுக்கடை ஊருக்கு ஓடினாள். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஓமனாவின் வீடு அங்கே இருந்தது. அவருடைய அக்காள் மகன், இளம் வக்கீல் மகேஷ்குமாரும் உடனிருந்தான்.

"காட்டுப் பாதையில தேவாங்கைக் காணல்லக்கா. அதுக்குக் காவல் நின்ன என் வீட்டுக்காரரு சத்தியராஜ்தான் களவாண்டாருன்னு சொல்லுதாவ. நாளைக்கு ஜெயிலுக்கு அனுப்பிருவாவளாம்."

சாட்சி ஒரு புகைப்படம். மணவாளக்குறிச்சியிலிருந்து காட்டுயிர்களைப் படமெடுக்க வந்த ஷாஜன் கொடுத்தது. தேவாங்கு தூங்கும் புதரருகே சத்தியராஜ், தோளில் சாக்கு. கேமரா காட்டிய நேரம் மாலை ஐந்து. காணாமல் போன அன்று மத்தியானம் வரை அந்தப் பிராணி அங்கே தூங்கியதைப் பலரும் பார்த்திருந்தார்கள். படத்தைக் கண்டபோது பிளஸ்ஸிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வெட்கக்கேட்டை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சாக்கு எதுக்கு?" என்றார் ஓமனா.

"தெனமும் காலையில பாதையில கிடக்க குப்பியெல்லாம் பொறக்குவாரு."

மகேஷ்குமார் துள்ளினான். "அப்போ இது காலையில எடுத்த படம் சித்தி! கேமராவில நேரத்தை மாத்தியிருக்கான்!"

"பொறு மக்கா. அதுக்குச் சாட்சி வேண்டாமா?" ஓமனா படத்தைப் பெரிதாக்கி, அதன் ஓரத்தையே வெகுநேரம் பார்த்தார்.

அன்று மாலையே அலுவலகத்தில் எல்லாரும் கூடினார்கள்.

"அஞ்சு மணிக்கு எடுத்தது. சத்தியம்," என்றான் ஷாஜன்.

ஓமனா படத்தின் ஓரத்தைக் காட்டினார். "பாதையோரம் ரப்பர் மரம் நிக்குது பாத்தியா? வெட்டுன வாயில பால் வடிஞ்சு தேங்காச் சிரட்டையில விழுது. விடியக்காலம் வெட்டுன பாலை மத்தியானத்துக்கு முன்ன எடுத்திருவாவ. சாயங்காலம் வெட்டுல ஒட்டுப்பால்தான் காஞ்சு கிடக்கும். நீ தேவாங்கை மட்டும் பாத்தே, மரத்தைப் பாக்கல்ல."

ஷாஜன் வெளியே நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரி அவன் காரைத் திறக்கச் சொன்னார். பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. தேவாங்கைப் பிடித்துக் கிளையில் கட்டி வைத்து இரவெல்லாம் விளக்கடித்துப் படமெடுத்ததாக, ஏதோ போட்டிக்காக என்று அவன் ஒப்புக்கொண்டான். பெட்டிக்குள் காலில் கம்பி அறுத்த காயத்தோடு அது செத்துக் கிடந்தது.

சத்தியராஜ் அதை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பிளஸ்ஸியின் கையைப் பிடித்தான்.

"ஊரே கள்ளன்னு சொல்லிச்சு. நீ ஒருத்தி நம்புனியே, அது போதும் எனக்கு."

பிளஸ்ஸியால் தலை நிமிர முடியவில்லை.