ஆமை காணாமற்போன காலை

காலை ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தபோது ஆமை அங்கே இல்லை.

ஐந்து ஆண்டுகளாக அந்த ஆமை நிலாவைத் தேடி நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி, மின்பேனாவால் ஒவ்வோர் அடியாக அதை வரைந்து நடக்க வைத்தவள் ஓவியக்காரி. ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றை வரிசையாக ஓட்டினால் பத்து நிமிடக் கார்ட்டூன் படம். விழாக்குழு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் கோத்து ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவளுடைய அலறலைக் கேட்டுக் கீழ்த்தளத்துக் கணினிக் கடைக்காரர் மாடியேறி வந்தார். தொலைபேசியில் கேட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தி வந்து சேர்ந்தாள். சித்தி காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவள். கணினியைப் பற்றி அவள் அறிந்தது, அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்பது மட்டுமே. ஆனால் பறிபோன பொருள் எதுவாயினும், முதலில் செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள், செருப்பைக் கழற்றும் முன்னரே.

"சித்தி, ஃபோல்டரே இல்ல! எல்லாப் படமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு!"

"நீ ஒண்ணத் தூக்கிப் போட்டா அது எங்க போகும்?"

"குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு. பாத்துட்டேன். முந்தாநாள் நான் போட்ட கிறுக்கல்கூட அப்படியே கெடக்கு. ஆமை இல்ல."

"சரி. இத அணைச்சிடு. சம்பவம் நடந்த எடத்துல ஆள் நடமாடக் கூடாது."

ஓரத்தில் நின்ற ஓவியக்காரியின் தம்பி நிமிர்ந்து பார்த்தான். "சித்தி சொல்றது சரிக்கா. கம்ப்யூட்டர் ஓட ஓட, போன படத்துக்கு மேலயே வேற எதையாவது எழுதிடும். அணைச்சிடு."

அக்காள் அணைத்தாள். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. தம்பி மின்தூக்கி பழுதுபார்ப்பவன். குடும்பத்தில் அவனுக்குப் பென்குயின் என்று பெயர். பழைய இயங்குதளத்துக்கு இனிப் புதுப்பிப்புக் கிடையாது என்று கணினித் திரையில் அறிவிப்பு வந்தபோது, "கவலய விடுக்கா" என்று சென்ற ஞாயிறன்று லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, மூடியின்மேல் அதன் சின்னமான பென்குயின் படம் ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போனவன் அவன்தான். படங்கள் இருந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தான். ஒரு வாரமாகப் பேனாவின் கோடு கையோடு சேர்ந்து ஓடியது. வரைந்துகொண்டிருக்கும்போதே கணினி தன் விருப்பத்துக்கு அணைந்து எழுவதும் நின்றது. அக்காள் அவனை மெச்சிக்கொண்டிருந்தாள், இன்று காலை வரை.

"நான் அப்பவே சொன்னேன் மேடம்," என்றார் கடைக்காரர். "உள்ள இன்னும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க், சுத்துற தட்டு ஓடுது. இந்தக் காலத்துல யார் இத வச்சிருக்கா? புதுசு வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல."

"ஏன் வாங்கணும்?" என்று தம்பி சீறினான். "நல்லா ஓடுற வண்டிக்கு இனிமே பெட்ரோல் தரமாட்டோம்னு சொன்னா, காயலாங்கடைக்குத் தள்ளிடுவீங்களா?"

"சும்மா குடுக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டீங்க. சும்மா குடுக்கற பொருளுக்கு யார் சார் பொறுப்பு? யார் சட்டையப் புடிப்பீங்க?"

"காசு குடுத்து வாங்கினப்ப நீங்க யார் சட்டையப் புடிச்சீங்க?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா," என்று ஒரு தளர்ந்த குரல் எழுந்தது.

அது ஓவியக்காரியின் கணவர். தீயணைப்புக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருவது அவருடைய வேலை. வாய்க்கு வாய் "பத்திரம்" என்பதால் பத்திரம் மாப்பிள்ளை என்றே அவரை அழைத்தார்கள். அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் படியிறங்கித் திரும்பி வருபவர். முதல் குடை காற்றில் மடங்கிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது குடையையும் எடுத்துச் செல்பவர். இப்போது நாற்காலி நுனியில் அமர்ந்து சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு விசில், ஒரு சிறு டார்ச், ஒரு மடக்குக் கத்தரி, ஒரு வெற்று வளையம்.

"இங்க பாரும்மா," என்றார் மனைவியிடம், மெல்ல. "முதல் காட்சி மட்டும் இருந்தாப் போதாதா? ஆமை முட்டைய விட்டு வெளிய வர்ற வரைக்கும். அத மட்டும் சின்னப் படமா குடுத்துடலாமே."

"அதுவும்தாங்க போச்சு! எல்லாம் ஒரே எடத்துலதானே இருந்துச்சு! அஞ்சு வருஷம் கூடவே இருந்தீங்க, இதுகூடத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தி ஒவ்வொருவராகப் பால்கனிக்கு அழைத்தாள். முதலில் வந்தவர் கடைக்காரர்.

"நேத்து நீங்க இங்க வந்தீங்களாமே?"

"வந்தேன். மவுஸ் கேட்டாங்க, குடுத்துட்டுப் போனேன். மேடம் கூடவேதான் இருந்தாங்க."

"கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"

"நானா? நான் கெடுத்துட்டேன்னு நாளைக்குச் சொல்லிடுவாங்கன்னு ரெண்டு கையையும் கட்டிட்டு நின்னேன்."

ஓவியக்காரியும் கதவருகே இருந்து அதை ஆமோதித்தாள். அவர் வந்து போன பிறகும் மாலை வரை வரைந்திருக்கிறாள். ஆமை அப்போது இருந்தது. அதன்பின் வெளியாள் எவரும் வீட்டுக்குள் வரவில்லை.

அடுத்துத் தம்பி வந்தான். கம்பியைப் பற்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"லிஃப்ட் நின்னா மெக்கானிக்கத்தான் மொறைப்பாங்க. அது பழகிடுச்சு சித்தி. ஆனா அக்கா மொறைக்கக்கூட இல்ல. பாக்கவே மாட்டேங்கறா."

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. ஒரு பொருள உன் லினக்ஸ்லேருந்து வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போனா, பழைய எடத்துல என்ன மிஞ்சும்?"

"காப்பி எடுத்தா இங்கயும் இருக்கும். நகர்த்திட்டா இருக்காது. குப்பைத்தொட்டியிலயும் இருக்காது."

"பென் டிரைவுக்கு நகர்த்தலாமா?"

"தாராளமா. ஆனா அத உருவறதுல ஒரு மரியாத வேணும். எவ்வளவு போச்சுன்னு காட்டுற பட்ட திரையில ஓடி முடிஞ்சுடும், வேல முடிஞ்சிருக்காது. மிச்சத்த ஞாபகத்துல வச்சுக்கிட்டு நிதானமா எழுதிட்டு இருக்கும். வெளிய எடுக்கிற பட்டன அழுத்தி, எடுக்கலாம்னு அது சொன்ன அப்புறம்தான் எடுக்கணும். பழைய சிஸ்டத்துல பழகினவங்க பட்டுனு புடுங்கிடுவாங்க. அங்க பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"இத யாருக்குச் சொல்லிக் குடுத்தே?"

"அக்காவுக்கு. அவதானே ஓட்டப் போறா?"

கடைசியாகப் பத்திரம் மாப்பிள்ளை வந்தார். பால்கனியின் கைப்பிடிக் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, உறுதியாயிருக்கிறதென்று கண்ட பிறகே அருகில் நின்றார்.

"நேத்து சாயந்திரம் வீட்லதானே இருந்தீங்க?"

"ஆமா சித்தி. அவ குளிக்கப் போயிருந்தா. நான் சும்மா..." பாதியில் நிறுத்தினார். வலக்கை சட்டைப்பையைத் தொட்டு மீண்டது. "எனக்கு அந்தச் சிஸ்டம் மேல நம்பிக்க வரல. யாருன்னே தெரியாத ஆளுங்க செஞ்சதாம். ஒரு தீயணைப்பான்ல செஞ்சவங்க பேரு இல்லன்னா நான் உள்ளயே விடமாட்டேன்."

சித்தி வேறெதுவும் கேட்கவில்லை. எல்லோரையும் முன்னறையில் அமரச் சொன்னாள்.

"பொறாமைக்காரன் வந்திருந்தா மொத்தத்தையும் அழிச்சிருப்பான்," என்று தொடங்கினாள். "திருடன் வந்திருந்தா காப்பி எடுத்துட்டு, தெரியாம இருக்கட்டும்னு இத இங்கயே விட்டுட்டுப் போயிருப்பான். மெஷினே கெட்டுப் போச்சுன்னு வைங்க, பக்கத்துல இருந்த கிறுக்கலும் போயிருக்கணும். இங்க அப்படி இல்ல. உயிரா மதிக்கிற ஒண்ண மட்டும் ஒரு கை தனியாத் தூக்கிட்டுப் போயிருக்கு. வீடு பத்திக்குமோன்னு பயந்தா, கொழந்தைய மட்டும் தூக்கிட்டு ஓடுவோமில்ல, அந்த மாதிரி."

சித்தி மேசையருகே வந்து நின்றாள்.

"அந்தக் கைக்கு ஒண்ணு தெரியல. எடுத்த பொருள் பாதி வழியில சிந்திப் போச்சு. கைல மிஞ்சினது ஆரம்பத்துல கொஞ்சம். ஆமை முட்டைய விட்டு வெளிய வர்ற வரைக்கும்." சித்தி திரும்பினாள். "எல்லாமே போச்சுன்னு உங்க பொண்டாட்டி சொல்லிட்டா. ஆனா முதல் காட்சி மட்டும் இருந்தாப் போதாதான்னு கேட்டீங்க. அதுவரைக்கும் தப்பிச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க அத ஆறுதல்னு நெனச்சோம். சாவிக்கொத்துல எது இல்லாம அந்த வளையம் சும்மா தொங்குது மாப்பிள்ளை? பைல இருக்கறத எடுத்து மேசை மேல வையுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பென் டிரைவை எடுத்து வைத்தார்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான்..." என்றார். கைக்குட்டையை மடித்தார். "அந்த யாரோ செஞ்சதுக்குள்ள அது இன்னும் ஒரு ராத்திரி இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு. பட்ட முழுசா ஓடிச்சு. எடுத்துட்டேன். வீட்ல இருந்த என் ஆபீஸ் லேப்டாப்ல போட்டுப் பாத்தா, முதல் காட்சி மட்டும் தொறக்குது. மிச்சதுக்குப் பேரு எல்லாம் இருக்கு, தொறந்தா ஒண்ணுமில்ல. ராத்திரி பூரா சொல்லிடலாம் சொல்லிடலாம்னு..."

ஓவியக்காரி அவரைப் பார்க்கவில்லை. எழுந்து தம்பியிடம் போய் அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"உன்னத் திட்டலையேடா நான்?"

"திட்டியிருந்தாத் தேவல போல இருந்துச்சு."

"அது திரும்பி வருமாடா?"

தம்பி மடிக்கணினியை நோக்கினான். "வந்தாலும் வரும். எழுதினது அழியல. அந்த எடம் காலின்னு ஒரு குறி மட்டும்தான் போட்டிருக்கும். புதுசா எதுவும் வந்து உக்காரலன்னா அடியில அப்படியே இருக்கும். சித்தி உடனே அணைக்கச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு." பிறகு கடைக்காரரிடம், சற்றே குறும்புடன், "புது மாதிரி டிஸ்கா இருந்தா காலி எடத்த அதுவே தொடச்சு வச்சிருக்கும். நீங்க திட்டின அந்தச் சுத்துற தட்டுதான் சார் காப்பாத்தணும்."

கடைக்காரர் படியிறங்கி ஓடினார். மீட்கும் படங்களை வைக்க கணினியில் வெளியிலிருந்து செருகும் ஒரு பெரிய வெளித்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மேலேறி வந்தார். விலையைப் பற்றி எவரும் பேசவில்லை.

தம்பி தன் கருவிப்பையிலிருந்து தன்னுடைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினான். அதற்குள்ளேயே முழு லினக்ஸும் இருப்பதாகவும், கணினி அதிலிருந்தே எழுந்து வேலை செய்யும் என்றும், உள்ளிருக்கும் தட்டில் ஒரு சொல்லைக்கூட எழுதாமல் படிக்க மட்டுமே செய்யும் என்றும் சொன்னான். சித்திக்கு அது உடனே விளங்கிற்று. அவளும் கையுறை அணிந்துதான் எந்த அறைக்குள்ளும் நுழைவாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நகர்ந்தன. பழைய தட்டு உள்ளே மெல்ல முனகிச் சுழன்றது. நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு, 'கிடைத்தவை' என்பதற்கு நேராக ஓர் எண் முளைத்தது, வளர்ந்தது. தம்பி ஒன்றைத் திறந்து காட்டினான்.

மழையில் நனைந்த கல்லின்மேல் ஆமை நின்றது.

அடுத்தது திறந்தது, அதற்கடுத்தது. மூங்கில் நிழலில் ஆமை, பாலத்தின் கீழே ஆமை, ஓட்டின் விளிம்பில் நிலவொளி மெல்லிய நூலாகப் படிந்த ஆமை. இல்லையென்று ஆகிப்போன இடத்திலிருந்து அவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சித்தி ஆயிரம் அறைகளில் மறைந்த தடங்களைப் பொடி தூவி எழுப்பியிருக்கிறாள். அவை எல்லாம் எவரோ ஒருவரைக் குற்றவாளி என்று காட்டவே எழுந்து வந்தன. இப்படி ஓர் உயிர் முழுதாக எழுந்து வந்து நடப்பதை அவள் கண்டதில்லை.

"இத யார்டா செஞ்சா?"

"பேரு எங்கயாவது இருக்கும் சித்தி. நான் பாத்ததில்ல. தொலஞ்சு போனதத் தேடித் தர்றதுக்குன்னு யாரோ ஒக்காந்து எழுதி, வேணும்ங்கறவங்க எடுத்துக்கங்கன்னு வச்சுட்டாங்க. அப்புறம் வேற வேற ஆளுங்க, வேற வேற ஊர்லேருந்து, இன்னிக்கு வரைக்கும் சரி பண்ணிட்டே இருக்காங்க."

"நம்மளத் தெரியாமலேயா?"

"தெரியாமலேதான்."

பத்திரம் மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "யாருன்னே தெரியாத ஆளுங்க," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். காலையில் சொன்ன அதே சொற்கள்தாம். குரல் மட்டும் கோயிலில் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

நண்பகலில் எண் நின்றது. ஆனால் வந்த படங்களுக்குப் பெயர் இல்லை, வரிசை இல்லை. ஆமை பாலத்தைக் கடந்தது, மறுகணம் முட்டைக்குள் இருந்தது. ஓவியக்காரி தலையில் கைவைத்து அமர்ந்தாள்.

"நாளைக்குள்ள இத்தனையையும் நான் ஒருத்தி எப்படி அடுக்குவேன்?"

"அது பாலத்துக்கு முன்னாடி," என்றார் கணவர்.

அவள் திரும்பினாள். அன்று காலையிலிருந்து முதன்முறையாக அவரைப் பார்த்தாள்.

"இதுல நிலா இன்னும் தண்ணியத் தொடல பாரு. அடுத்ததுல தொட்டுடும். இது, அதுக்கும் அடுத்தது. இடது கால் கொஞ்சம் தூக்கியிருக்கும். அத நீ மூணு தடவ அழிச்சு வரஞ்சே."

"உங்களுக்கு எப்படிங்க..."

"பின்னாடி நாற்காலில நான்தானே உக்காந்திருந்தேன்."

அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள். அவர் வந்து அமர்ந்தார். அன்று மாலை வரையிலும், மறுநாள் காலையிலும் அவர் சொல்லச் சொல்ல அவள் அடுக்கினாள். தவறியவை மிகச் சில. அவற்றை அவள் புதிதாக வரைந்துகொண்டாள்.

மறுநாள் பிற்பகலில், விழாக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய படம் பென் டிரைவுக்குப் போயிற்று, இம்முறை நகலாக. ஒரு நகல் கணினியில், ஒன்று கடைக்காரரின் வெளித்தட்டில். பட்டை ஓடி முடிந்தது. பத்திரம் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி பட்டனை அழுத்தினான். எடுக்கலாம் என்று திரை சொல்லிற்று.

"எடுங்க மாமா."

"இருக்கட்டும். இன்னும் ஒரு நிமிஷம்."

"அதுவே சொல்லிடுச்சு சார், எடுக்கலாம்னு," என்றார் கடைக்காரர், வாசலில் நின்றபடி. சற்றுத் தயங்கி, தம்பியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "என் கடையில ஒரு பழைய மெஷின் சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழம வர்றியாப்பா?"

எல்லோருடைய கண்களும் திரையில் இருந்தன. அங்கே ஓடவிட்டிருந்த படத்தில் ஆமை நீர் விளிம்புக்கு வந்து, கழுத்தை நீட்டி, தண்ணீரில் கிடந்த நிலாவை முதன்முதலாகக் கண்டு அசையாமல் நின்றது.