பூட்டுகிற திறப்பு

திரையில் அம்பு முதலில் போனது. அனோஜினியின் விரல் அதற்குப் பிறகுதான் அசைந்தது.

மடிக்கணினி புதிது, கைக்குப் பழகவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பின்னேரம் நாலு மணிதான், அதற்குள் லண்டன் எட்மண்டனின் டிசம்பர் இருட்டு யன்னலை மூடிவிட்டது. ரேடியேட்டரில் காயப்போட்ட கம்பளிக் கோட்டின் ஈரநெடி, கீழே பஸ் பெருமூச்சு விட்டு நின்று கிளம்பும் சத்தம், மேல்வீட்டுப் பிள்ளை எதையோ உருட்டுகிற சத்தம், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில் மட்டும், சவரம் செய்தபின் கஸ்பர் கன்னத்தில் பூசுகிற அந்தத் தண்ணீரின் மணம் மெல்லக் கிடந்தது. கஸ்பர் அவளுடைய கணவர். போன மாசியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. தங்கமான பிள்ளை என்று கோயிலில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தங்கம் அவளுடைய கடவுச்சொல் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தது. தங்கைக்கு அவள் எழுதியதை இரவுச் சாப்பாட்டில் அவளுக்கே வாசித்துக் காட்டியது. "நீ நினைக்க முந்தி எனக்குத் தெரியும்" என்பார், சோற்றைக் குழைத்தபடி.

லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் அவருடைய தம்பி லெஸ்லி அதே வித்தையைத் தன் மனைவி ஜதுர்ஷிகாவிடம் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணனை மிஞ்சிய தம்பி, கையும் நீட்டினான். அவளைக் காரில் ஏற்றிப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க அனோஜினி இரண்டு தரம் ஏற்பாடு செய்தாள். இரண்டு தரமும் சொன்ன இடத்தில் லெஸ்லி முன்கூட்டியே வந்து நின்றான். இரண்டாம் தரம் இருவரிடமும் இருந்தவை புதுப் போன்கள். அன்றிரவு ஜதுர்ஷிகா ஒளித்திருந்து போன் எடுத்துப் பேசினாள்.

"அக்கா, ஆர் சொன்னதெண்டு கேட்டன். அண்ணை கனவில வந்து சொன்னவராம்."

அனோஜினிக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. செத்தும் திருந்தாத மனுசன்.

வேலையிடத்துத் தோழி பாமாவுக்குக் கணினிதான் பிழைப்பு; சென்னைக்காரி, டூட்டிங்கில் இருக்கிறாள். யாரோ என் செய்திகளைப் படிக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னாள். பாமா இன்று போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"ரெண்டு சாவி, அனோ. ஒண்ணு பூட்டுறதுக்கு மட்டும்தான், அதை யாருக்கு வேணும்னாலும் குடு. திறக்கிற சாவி உன்னைத் தவிர யார்கிட்டயும் இருக்கக் கூடாது."

சாவியை யாழ்ப்பாணத்தில் திறப்பு என்போம், பூட்ட மட்டுமே தெரிந்ததற்குத் திறப்பென்று பெயரா என்று அனோஜினி கேட்க, பாமா சிரித்தாள். ஜதுர்ஷிகா நூலகத்துக் கணினியில் காத்திருந்தாள். பூட்டுகிற திறப்பு வந்து சேர்ந்ததும், தான் நிற்கப்போகும் இடத்தை எழுதிப் பூட்டி அனுப்புவாள். லெஸ்லியின் ஷிப்ட் முடியுமுன் அவளை ஏற்றிவிட வேண்டும். இந்த முறையும் பிடிபட்டால் அவள் உயிரோடு மிஞ்சுவாளா என்பதே சந்தேகம்.

திறப்புகளை உண்டாக்கக் கணினிக்குக் குருட்டாம்போக்கு வேண்டுமாம். அம்பை இஷ்டத்துக்கு ஆட்டு, எழுத்துகளைக் கண்டபடி தட்டு, யாரும் ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாமா மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

அனோஜினி இடப்பக்கம் போக நினைத்தாள். அம்பு இடப்பக்கம் போனது. மேலே என்று நினைத்தாள். அம்பு மேலே நின்று காத்திருந்தது. திரையின் அடியில் நிரம்ப வேண்டிய பச்சைக் கோடு ஓர் இம்மியும் நகரவில்லை. மணம் கூடியது. அவள் உட்கார்ந்திருந்த கதிரையின் முதுகில் யாரோ கை ஊன்றியதுபோல மரம் முனகியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து குசினிக்குப் போனாள், மைசூர்ப் பருப்புப் பையை எடுத்துவந்து கிழித்தாள், தலைக்கு மேல் பிடித்து அப்படியே விசைப்பலகையில் கொட்டினாள். பருப்பு துள்ளியது, சிதறியது, நிலமெல்லாம் ஓடியது. எந்தப் பருப்பு எங்கே விழும் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?

பச்சைக் கோடு நிரம்பியது.

அடுத்து, திறக்கிற திறப்புக்குக் காவலாகக் கணினி ஒரு வசனம் கேட்டது. தாயின் பெயரை நினைத்தாள். விரல் படாமலே பெட்டிக்குள் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. அழித்தாள். ஞானஸ்நானம் பெற்ற கோயிலை நினைத்தாள். புள்ளிகள். அழித்தாள். பிடரியில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு.

 அவள் தட்டினாள்.

கஸ்பர் செத்துப்போனான். நான்தான் மண் போட்டனான்.

கலியாணமான நாளிலிருந்து அவனை அவள் 'அவன்' என்றதில்லை. ஒரு தட்டு, ஒரு புள்ளி. ஒரு தட்டு, ஒரு புள்ளி. எதுவும் முந்தவில்லை. அந்த வசனத்தை எழுத அவனால் ஏலாது.

பூட்டுகிற திறப்பை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, ஒன்றும் விளங்காத எழுத்துக் குவியலாக. வசனத்தைத் தட்டித் திறந்தாள்.

"அக்கா, ஸ்டேசனுக்குப் பின்பக்கம் பள்ளிக்கூட மதிலோட நிப்பன். வேற ஒண்டும் கொண்டுவரேல்லை."

அனோஜினி கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

வாசலுக்குப் போகும் ஒடுங்கிய வழியில் அவன் நின்றான். புதைத்தபோது போட்ட அதே கோட். கண்கள் மூடியிருந்தன, மூடிவைத்தபடியே. இத்தனை காலமும் அவளைத் தேட அவனுக்குக் கண் தேவைப்படவில்லை. இப்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். இரண்டு கைகளையும் சுவருக்குச் சுவர் விரித்து, காற்றைத் தடவினான். நகங்கள் வளர்ந்திருந்தன. சுவர்த்தாள் கிழிந்தது.

வேறு வழி இல்லை.

அவள் மூச்சை அடக்கினாள். குனிந்தாள். அந்தக் கைகளுக்குக் கீழே நுழைந்தாள்.

விரல்கள் அவளுடைய தலைமயிரில் பட்டன. நின்றன. மெல்ல மூடத் தொடங்கின.

அவள் நிற்கவில்லை.