விளிம்பில் ஐந்து விரல்

ஒரு மனிதனுடைய ஏழு வருஷம் என்ன விலைக்குப் போகும்? அன்றைய நிலவரப்படி இரண்டு வளையல். அவற்றை விற்றுத்தான் ஒரு நர்ஸ், தம்பியின் வழக்குக் கட்டின் நகலை வாங்கியிருந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, கட்டை மேஜைமேல் வைத்தார்.

“கொள்ளை வழக்குல என் தம்பிக்கு ஏழு வருஷம் போட்டுட்டாங்க சார். அப்பீலுக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. புதுசா ஒரு பாயிண்ட் இல்லாம போனா நிக்காதுன்னு வக்கீல் கையை விரிச்சுட்டார்.”

மணி இரண்டே கால். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக முப்பது வருஷம் சேதம் மதிப்பிட்டு ஓய்வுபெற்ற சர்வேயர், நிதானமாகக் கட்டை அவிழ்த்தார். அவருடைய மைத்துனரோ, உலகத்து அவசரத்தையெல்லாம் மொத்தக் கொள்முதல் செய்தவர்போலக் காலாட்டிக்கொண்டிருந்தார்.

முகமூடிக்காரன் ஒருவன் கைக்கடிகாரக் கடைக்காரரை இரும்புக் கம்பியால் அடித்து, ஷோகேஸ் கண்ணாடியை உடைத்துச் சரக்கை அள்ளிப்போயிருந்தான். உடையாமல் மிஞ்சிய அடித்துண்டில் ஐந்து விரல் ரேகை இருந்தது. பழைய அடிதடி வழக்கொன்றில் பதிவான ரேகையோடு அது ஒத்துப்போனது. கண்ணாடி டிப்போவில் கண்ணாடி வெட்டும் தம்பியின் ரேகை.

“கோர்ட்ல என்ன சொன்னான்?”

“அந்தக் கடை வாசலையே மிதிச்சதில்லைன்னான். அப்ப உன் கை மட்டும் தனியா போச்சான்னு கேட்டாங்க. அதுக்கு அவனுக்குப் பதில் தெரியலை.”

“ரேகையே பேசுதே அத்தான்! இனி என்ன இருக்கு?” என்றார் மைத்துனர்.

“யாருன்னுதான் பேசுது மச்சான். எப்பன்னு பேசலையே.” சர்வேயர் ரேகைப் படத்தை நீட்டினார். ஓரத்தில் அளவுகோல், மேல்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி. “இந்த மேஜைதான் உடைஞ்ச கண்ணாடின்னு வெச்சுக்கோ. மேலேருந்து பிடி.”

மைத்துனர் விளிம்பைப் பிடித்தார். விரல் நுனிகள் தரையைப் பார்த்தன.

“படத்துல நுனி மேலே பார்க்குது.”

“தலைகீழா நின்னு திருடினானோ?”

“டாக்ஸி கூப்பிடு.”

அவர்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் கடைக்காரர் எகிறினார். “என் மண்டையைப் பிளந்தவனுக்கு வக்காலத்தா? ஒன்பது தையல்!”

நர்ஸ் கிட்டே போய் நெற்றியைப் பார்த்தார். “நல்லா ஆறியிருக்குங்க. அடிச்சது என் தம்பிதான்னு பார்த்தீங்களா?”

“முகமூடிக்குள்ள எப்படிம்மா பார்க்கிறது? ரேகைன்னாங்க, நம்பினேன்.”

பழைய ஷோகேஸ் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. மறுநாள் பழைய சாமான்காரரிடம் போக வேண்டியது. அதை வெளியே இழுப்பதற்குள் மூன்றே முக்கால். கண்ணாடி செருகியிருந்த அடிமரத்தின் பள்ளத்தில் சர்வேயர் ஸ்கேலை இறக்கினார்.

“ஒன்றரை அங்குலம். ரேகை முழுக்க அடி விளிம்பிலேருந்து ஒரு அங்குலத்துக்குள்ள இருக்கு. மரத்துக்குள்ள புதைஞ்ச இடம், முதலாளி. கண்ணாடியை மாட்டினப்புறம் அங்கே திருடன் கையும் படாது, உங்க கையும் படாது. போலீஸ் துண்டை உருவி லேபுக்கு அனுப்பினாங்க. மரத்தை யாரும் அளக்கலை.”

“அப்ப ரேகை எங்கேருந்து வந்துச்சு?”

“கண்ணாடி எங்கேருந்து வந்துச்சு?”

“கொள்ளைக்கு நாலு நாள் முன்னாடி தச்சர் வாங்கிட்டு வந்து மாட்டினார். டிப்போ பில்லுகூட இருக்கு.” கடைக்காரர் டிப்போவின் பெயரைச் சொன்னார்.

“அங்கதான் சார் அவன் கண்ணாடி வெட்டிட்டிருந்தான்!” என்றார் நர்ஸ்.

“வெட்டின தகட்டை அடியில கை கொடுத்துத்தான் தூக்குவாங்க. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், நுனி மேலே. விற்கும்போது கண்ணுக்குத் தெரியற இடத்தைத் துடைப்பாங்க. மரத்துக்குள்ள போற விளிம்பை எவன் துடைப்பான்?”

“அப்போ என்னை அடிச்சவன்?”

“வெளியிலதான் திரியறான்.”

கடைக்காரர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு பில் ஃபைலைத் தரையில் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தார். பில் கிடைத்தபோது நாலு பத்து. வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது நாலரை. அடிமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு மைத்துனர் கோர்ட் படிகளில் ஓடினார். நாலு ஐம்பத்தாறுக்கு, வக்கீல் தயாராக வைத்திருந்த மனுவின்மேல் முத்திரை விழுந்தது.

அப்பீல் விசாரணைக்கு வர எட்டு மாதம் ஆனது. தண்டனையை ரத்து செய்ய எட்டு நிமிஷம்.

சிறைவாசலில் தம்பியின் பையை வாங்கிக்கொண்டே அக்கா சொன்னார்: “தீர்ப்புக்கு முன்னாடி நூத்தித் தொண்ணூறு, பின்னாடி இருநூத்தி எழுபத்திரண்டு. மொத்தம் நானூத்தி அறுபத்திரண்டு நாள்டா.”

அந்த நாள்களில் கோர்ட் திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. பாக்கி, நானூற்று அறுபத்திரண்டு.